ஆறு மண்டலம் மருந்தும் ஓர் ஆபரேஷனும்: எண்டோமெட்ரியோசிஸோடு என் அனுபவம்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் எண்ணி எண்ணிக் கைதட்டுவார்கள். நானும் எண்ணியிருக்கிறேன், வேறு காரணத்துக்காக. 2021 செப்டம்பரில் ஒருநாள் காலை பஸ்ஸில், முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அடிவயிற்றுக்குள் ஏதோ இழுத்துக் கட்டிய கயிறு முறுக்குவதுபோல் இருக்க, இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். பக்கத்தில் இருந்த பாட்டி எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நீட்டினார், தலைசுற்றல் என்று நினைத்து. வாங்கி முகர்ந்தேன். எனக்கு அப்போது 31 வயது. வலி தொடங்கி 17 வருடம் ஆகியிருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம், அந்த 17 வருடத்திலும் அதற்குப் பிறகு நானாகத் தொலைத்த ஒன்றரை வருடத்திலும், "இப்படிச் செய்யாதே" என்று சொல்ல ஒருவரும் இல்லை. மருந்து கொடுத்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

நான் வளர்ந்தது சேலம் அம்மாபேட்டையில், தறி ஓடும் வீதியில். மாதவிலக்கு வந்தால் முதல் இரண்டு நாள் பள்ளிக்கூடம் கிடையாது. வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்திருப்பேன். அம்மா மோரில் வெந்தயமும் பெருங்காயமும் போட்டுக் கொடுப்பார். "எல்லாருக்கும் வர்றதுதான் கண்ணு, கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்." அம்மா மேல் கோபமில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரு துப்பு அப்போதே கிடைத்தது, யாரும் கவனிக்கவில்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும்போது எங்கள் வீதிப் பெண்கள் பாதிப் பேர் மருந்துக்கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். நானும் இரண்டு மூன்று வருடம் போட்டேன். அதைப் போடும் நாட்களில் எனக்கு வலி என்பதே இல்லாமல் இருக்கும். அம்மனின் அருள் என்று நினைத்தோம். அந்த மாத்திரை நோரெதிஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன். எண்டோமெட்ரியோசிஸுக்கே, அதாவது கர்ப்பப்பை உள்வரி போன்ற திசு வெளியே வளரும் என் நோய்க்கே, அதையும் மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்று 31 வயதில் தெரிந்துகொண்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்காக நீங்களே போய் வாங்கிப் போடச் சொல்லவில்லை. ரத்தம் உறையும் பிரச்சினை, ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. ஆனால் பண்டிகைக்குத் தள்ளிப்போட்ட மாதம் வலி இல்லாமல் இருந்தது என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

கல்லூரிக் காலத்திலும் வேலைக்கு வந்த பிறகும் வலி மாத்திரைதான் துணை. மெஃபனமிக் அமிலம் கலந்த மாத்திரை கைப்பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். டீயோடு வெறும் வயிற்றில் போட்டு, ஒரு நாளைக்கு நாலைந்துகூட விழுங்கி, கடைசியில் இரைப்பைப் புண் வந்து அதற்குத் தனியாக வைத்தியம் பார்த்தேன். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடுவதைவிடத் தொடங்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கும், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. இந்த மூன்றையும் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். மெஃபனமிக் அமிலம் சிலருக்குத் தோல் தடிப்பு, காய்ச்சலோடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தக ஆணையம் 2023 இறுதியில் எச்சரிக்கையே விட்டது. கடையில் எளிதாகக் கிடைப்பதால் மிட்டாய் ஆகிவிடாது.

கல்யாணம் ஆனது, ஏற்காடு வந்தேன், எஸ்டேட் ஆபீஸில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவு, எழுதும் வேலை. சரியாகப் போகவில்லை, கூடியது. தாம்பத்தியம் வலித்தது. மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவதுபோல் இருக்கும். இதை யாரிடம் சொல்வது? கூச்சத்தில் "வயித்துவலி" என்று மட்டும் சொல்வேன். ஒருவர் கேஸ் என்றார், ஒருவர் குடல்வால் சந்தேகம் என்றார், ஒருவர் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். நாலு ஸ்கேன், நாலும் நார்மல். வயிற்றின் மேல் வைத்து எடுக்கிற சாதாரண ஸ்கேனில் இந்த நோய் பெரும்பாலும் தெரியாது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன், இந்த நோயைத் தெரிந்தவர் எடுத்தால், கட்டிகளையும் ஒட்டுதலையும் ஓரளவு காட்டும். சிறு புள்ளிகள் அதிலும் தெரியாது. அதனால் நார்மல் என்று வந்த ரிப்போர்ட் உங்கள் வலியைப் பொய்யாக்காது.

என்னைக் காப்பாற்றியது ஒரு மாத காலண்டர். நகைக்கடையில் கொடுத்தது, லட்சுமி படம் போட்டது. ஆபீஸில் ஆள் வருகையைக் குறிக்கிற பழக்கத்தில் அதில் வலியைக் குறிக்க ஆரம்பித்தேன். ரத்தப்போக்கு நாளுக்குச் சிவப்புப் புள்ளி, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்ற எண், மலம் கழிக்கும் வலிக்கு ம, தாம்பத்திய வலிக்கு தா, போட்ட மாத்திரைக்குக் கோடு. ஆறு மாதத் தாளைச் சுருட்டிக்கொண்டுதான் அந்தச் செப்டம்பர் பஸ்ஸில் போனேன். அன்று சேலத்தில் பார்த்த டாக்டரம்மா தாள்களை மேசையில் விரித்து, ம என்ற எழுத்தெல்லாம் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலேயே இருப்பதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடம்தான். "எண்டோமெட்ரியோசிஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார். வாயால் சொல்லக் கூசியதைத் தாள் சொல்லிவிட்டது.

கர்ப்பப்பையின் உள்வரியைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலை ஒட்டியும் வளர்வதுதான் இந்த நோய். மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் வீங்கும், கசியும், வெளியேற வழியில்லாமல் உள்ளே புண்ணாகி உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் இடது சினைப்பையில் 5 சென்டிமீட்டர் கட்டி. பழைய ரத்தம் தேங்கிச் சாக்லேட் குழம்புபோல் இருப்பதால் சாக்லேட் சிஸ்ட் என்று பெயர். சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையில் 68 என்று வந்தது. 35க்குள் இருக்க வேண்டும் என்று தாளிலேயே அச்சடித்திருக்க, கைப்பேசியில் தேடிப் பார்த்து, புற்றுநோய் என்று முடிவுகட்டி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. எண்டோமெட்ரியோசிஸிலேயே அந்த எண் ஏறும் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. ரிப்போர்ட்டை வாங்கினால் டாக்டரைப் பார்க்கும்வரை பிரிக்காமல் இருங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. தேடாமலாவது இருங்கள்.

டயனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினமும் ஒன்று, இடைவெளி இல்லாமல். எழுதிக் கொடுத்தார், வாங்கினேன். அன்று கூட்டம் அதிகம், நானும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் மாதமே சொட்டுச் சொட்டாக ரத்தம். இரண்டாம் மாதமும். ஒரே மாதத்தில் 22 நாள் நாப்கின். அதோடு காரணமில்லாத அழுகை, தலைமுடி கொட்டல். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே தீர்ப்பெழுதி, நாலு மாதத்தில், 2022 ஜனவரியில், யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். முதல் சில மாதம் இப்படிக் கசிவது அந்த மருந்தில் சகஜம், பலருக்குப் போகப் போகக் குறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. மனச்சோர்வு வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதும் தெரியாது. வேறு மருந்துகள் உண்டு என்பதும் தெரியாது. எந்த மருந்தைத் தொடங்கினாலும் முதல் நாளே கேட்க வேண்டியது: இது எத்தனை மாதத்தில் வேலை செய்யும், என்னென்ன தொல்லை வரும், அதில் எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓடி வர வேண்டும், எப்போது நிறுத்துவது. இதைக் கேட்காததற்குத்தான் நான் ஒரு லட்சத்துக்கு மேல் அபராதம் கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் ஒரு வைத்தியரைச் சொன்னார். சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். நாடி பிடித்தார். "கட்டி கரைஞ்சு தண்ணியாப் போயிடும் பாப்பா, ஆறு மண்டலம் சாப்பிடு, இங்கிலீஷ் மருந்தைத் தொடாதே, ஸ்கேனும் எடுக்காதே, கதிர் பட்டால் மருந்து முறியும்" என்றார். எனக்கு எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர் எதுவும் இல்லை, அது வெறும் ஒலி அலை. அது எனக்கு அப்போதே தெரியும், இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நம்ப வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மண்டலம் 48 நாள், 5,500 ரூபாய். செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள், சாம்பல் நிறச் சூரணம், தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். பெயரில்லை, லேபிள் இல்லை. புளி, கத்தரிக்காய், கருவாடு கூடாது.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் மூன்று மாதம் வலி குறைந்தது. அதனால்தான் தொடர்ந்தேன். இப்போது யோசித்தால், பத்தியம் என்பதால் அத்தை என்னை வேலை செய்ய விடவில்லை, வெளிச் சாப்பாடு நின்றது, ஒன்பது மணிக்கே படுத்தேன், எல்லாவற்றுக்கும் மேல் நம்பிக்கை. வலி குறைவதற்கு இவ்வளவும் உதவும். கட்டி அளவு குறைவதற்கு உதவாது. காலண்டரில் எண்கள் இறங்கின, உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருந்தது, ஸ்கேன் எடுக்காததால் தெரியவில்லை. நாட்டு மருந்தோ ஆங்கில மருந்தோ, ஸ்கேன் எடுக்காதே, ரத்தப் பரிசோதனை செய்யாதே என்று சொல்கிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

அதற்கிடையே உறவினர் வைத்தியம் வேறு. ஒரு சித்தி, செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக்கடையில் கழற்சிக்காய் வாங்கி மிளகோடு பொடித்து அனுப்பினார், "நீர்க்கட்டிக்கு இதுதான்" என்று. நீர்க்கட்டி என்று நம் ஊரில் சொல்வது பிசிஓடி, அது வேறு, சாக்லேட் சிஸ்ட் வேறு. கட்டி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுக்கிறோம். எஸ்டேட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அன்போடு மலைவேம்பு இலை பறித்து வந்தார். சாறெடுத்து வெறும் வயிற்றில் மூன்று நாள். இரண்டாம் நாளே வாந்தியும் பேதியும். மலைவேம்பு என்ற பெயரில் நம் பக்கம் இரண்டு வகை மரம் புழங்குகிறது, அதில் ஒன்றின் பழம் நஞ்சு. அக்கா பறித்தது எது என்று நான் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

ஐந்தாம் மண்டலத்தில் வலி திரும்பியது. ஆறாவது முடியும்போது, 2022 நவம்பரில், ஒருநாள் காப்பிப் பழம் எடை போடும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அறுவடைக் காலம், மூட்டைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, தராசு எண்ணைப் படித்துச் சொல்லக் குரல் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஜீப்பில் போட்டு இறக்கினார். ஸ்கேனில் கட்டி 8.5 சென்டிமீட்டர், கர்ப்பப்பைக்குப் பின்னால் குடலோடு ஒட்டியிருந்தது. ஈரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 112, 40க்குள் இருக்க வேண்டியது. அந்த டாக்டரம்மா திட்டவில்லை. "பொட்டலம் மிச்சம் இருந்தா கொண்டு வாங்க" என்று மட்டும் கேட்டார். மிச்சம் எதுவும் இல்லை. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் நாம் மறைக்கிற அந்த ஒரு விஷயம்தான் அவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் தெரிய வேண்டியது.

ஈரல் எண் இறங்கும்வரை காத்திருந்து டிசம்பரில் லேப்ராஸ்கோபி, வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். இதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை நான் அரைகுறையாகத்தான் கேட்டேன். கட்டியின் சுவரை உரித்து எடுக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடும், அதனால் குழந்தை வேண்டும் என்பவர்கள் ஆபரேஷனுக்கு முன், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை செய்து, குழந்தைப்பேறு மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். எனக்கு முன்னால் 2.1, பின்னால் 1.0. அந்த எண்ணைப் பார்த்த அன்று ஆஸ்பத்திரி படிக்கட்டிலேயே அழுதேன், ஒன்பது மாதம் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டதற்காக. நோய்த் திசுவை வெட்டி எடுப்பீர்களா, மேலாகக் கருக்குவீர்களா, குடலில் ஒட்டியிருந்தால் குடல் சர்ஜன் கூட இருப்பாரா என்று கேளுங்கள். ஆபரேஷன் வீடியோவையும் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். அப்புறம் ஒன்று, இந்த நோயை உறுதி செய்வதற்காகவே எல்லாரும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், ஸ்கேனில் தெரியாமலோ, மருந்து கேட்காமலோ ஒத்துவராமலோ போனால்தான் அதற்காக லேப்ராஸ்கோபி என்கிறது.

அதன் பிறகு மாதம் ஒன்றாக மூன்று லியூப்ரோலைட் ஊசி, 3.75 மில்லிகிராம். சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்கவைக்கும் ஊசி. ஏற்காட்டில் தை மாதக் குளிர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, ஊரே கம்பளிக்குள். நான் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலில் பனியில் நிற்பேன். கழுத்திலிருந்து கிளம்பும் அனல் முகம், காது என்று ஏறி, வியர்வை வழிந்து, இரண்டு நிமிடத்தில் அப்படியே வடிந்து, நனைந்த நைட்டியோடு நடுக்கம் வரும். அத்தை முதல் நாள் பார்த்துப் பயந்து வேப்பிலை எடுத்து வந்தார். "எனக்கு அம்பது வயசுல வந்தது கண்ணு, உனக்கு ஊசியில வந்திருக்கு" என்று பிறகு அவரே விசிறினார். எலும்பைத் தேய்க்கும் என்பதால் இந்த ஊசியை வருடக்கணக்கில் போடுவதில்லை. நீண்ட நாள் போட்டால் எலும்பைக் காக்கக் கொஞ்சம் ஹார்மோனைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு அது உண்டா என்று கேளுங்கள்.

2023 மார்ச்சில் மறுபடியும் அதே டயனோஜெஸ்ட். இந்த முறை கேள்வித்தாளோடு போனேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் அலாரம், தினமும் அதே நேரம். இரண்டு மாதம் கசிந்தது, நின்றது. மனம் சோர்ந்தால் வீட்டுக்காரர் என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு, ஏனென்றால் அழுகிறவளுக்கு அது மருந்தின் வேலை என்று தெரியாது. பத்து மாத்திரை அட்டை எனக்கு 540 ரூபாய்க்கு எழுதப்பட்டது, அதே மருந்து வேறு பிராண்டில் 310க்குக் கிடைத்தது. டாக்டரிடமே கேட்டு மாற்றிக்கொண்டேன், மாதம் 690 ரூபாய் மிச்சம். குழந்தைக்கு முயல்கிறவர்கள் இதைச் சாப்பிட்டுக்கொண்டே முயல முடியாது. அதே சமயம் இதைக் கருத்தடை மாத்திரையாகவும் நம்பக் கூடாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கருத்தடை மாத்திரைகள், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் என்று வேறு வழிகள் உண்டு. எதுவும் நோயை வேரோடு பிடுங்காது. நிறுத்தினால் திரும்பலாம், ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்பலாம். "முழுசாக் குணமாகிடும்" என்று சொன்ன எல்லாரும் என்னிடம் பணம் வாங்கினார்கள்.

மாற்று மருத்துவத்தை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. அரசு சித்தா பிரிவில், பட்டம் பெற்ற ஒரு டாக்டரைப் பார்த்தேன். என் ஃபைலை முழுக்கப் படித்துவிட்டு, "கட்டியைக் கரைக்கிறேன்னு நான் சொல்ல மாட்டேன்மா. மலச்சிக்கல், தூக்கம், உடம்பு அசதி இதுக்கு உதவலாம். ஈரல் டெஸ்ட் மூணு மாசத்துக்கு ஒருமுறை, உங்க டாக்டருக்கும் சொல்லிடுங்க" என்றார். அவர் கொடுத்த மருந்தில் லைசென்ஸ் எண், பேட்ச் எண், உட்பொருள் எல்லாம் அச்சாகியிருந்தன. வாங்கும் எதிலும் அதைப் பாருங்கள். மலச்சிக்கல் போனதே எனக்குப் பாதி வலி போனதுபோல் இருந்தது. வெந்நீர்ப் பை இன்றைக்கும் முதல் துணை, துணி சுற்றி வையுங்கள், என் வயிற்றில் சூட்டுத் தழும்பு இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி எட்டு முறை போனேன். வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து இறுக்கி வைத்த தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார்கள். தாம்பத்திய வலிக்கு மாத்திரையைவிட அதுதான் எனக்குக் கேட்டது. அக்குபஞ்சர் ஐந்து முறை, 3,000 ரூபாய், படுத்திருந்த நேரம் சுகமாக இருந்தது, அவ்வளவுதான். அதே ஐரோப்பிய வழிகாட்டுதல் அக்குபஞ்சர், பிசியோதெரபி, உணவு முறை எதையும் உறுதியாகப் பரிந்துரைக்கவில்லை, நன்மை போதிய அளவு நிரூபணமாகவில்லை என்கிறது. அதனால் எனக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். மாதவிலக்கு வாரத்தில் எண்ணெய்ப் பலகாரம் எனக்கு வயிற்றை உப்பவைக்கும், தட்டுவடை செட்டை அந்த வாரம் மட்டும் தள்ளிவைப்பேன். சேலத்துக்காரியால் அதற்குமேல் தியாகம் செய்ய முடியாது.

கணக்கு எழுதும் வேலை என்பதால் கணக்கும் வைத்திருக்கிறேன். ஆறு மண்டலம் 33,000, போக்குவரத்து 8,000. ஆபரேஷனும் தங்கலும் 1,38,000. ஊசி மூன்றும் 10,500. ஸ்கேன், எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை எல்லாம் 24,000 சுமார். சம்பளமில்லா விடுப்பு 61 நாள். நகை அடகு வைத்தோம், ஒரு ஜோடி வளையல் இன்னும் மீளவில்லை. நாலு மாதத்தில் நிறுத்தாமல், "கசியுதுங்க" என்று ஒரு போன் போட்டிருந்தால் இதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கூட்டிப் பார்ப்பதை இப்போது விட்டுவிட்டேன்.

கடைசி ஸ்கேன் போன மாதம். இடது பக்கம் 1.4 சென்டிமீட்டரில் ஒரு சிறு கட்டி, ஒரு வருடமாக வளரவில்லை. அடுத்தது ஆறு மாதம் கழித்து. அன்று கூடவே நாத்தனார் மகளும் வருவாள், வயது 14, மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அவள் பாட்டி சொல்வதற்கு முன்னால் அவள் அறையில் ஒரு மாத காலண்டர் மாட்டிவிட்டு வந்தேன், சிவப்புப் பேனாவும் கட்டி. இரண்டு தாள் நிரம்பிவிட்டது. "ம" எழுத அவளுக்கு வெட்கம், அதற்குப் பதில் ஒரு நட்சத்திரம் போடுகிறாள்.